ஒரே மின்னஞ்சல் முகவரியை எல்லாருக்கும் கொடுக்கலாமா?

பூன் லே பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஜூரோங் பாயிண்ட் போன்ற கடைத்தொகுதிகளில் பொருள் வாங்கச் செல்வோரிடம் பணத்தோடு இன்னொன்றும் கேட்கப்படுகிறது. உறுப்பினர் அட்டை, அதிர்ஷ்டக் குலுக்கு, பிறந்தநாள் கழிவு, இலவச இணைய வசதி என்று எதற்குச் சேர்ந்தாலும் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றையும் நிரப்பச் சொல்லும் படிவம் ஒன்று வந்துவிடும்.

கைப்பேசி எண்ணைக் கொடுக்கப் பலர் தயங்குகின்றனர். தொந்தரவு அழைப்புகள் வரும் என்பது எல்லாருக்கும் பழக்கப்பட்ட பயம். மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதில் அந்தத் தயக்கம் இல்லை. ‘வந்தால் வரட்டும், அழித்துவிட்டால் போகிறது’ என்ற எண்ணமே பரவலாக உள்ளது.

ஆனால் அதே முகவரிதான் வங்கிக் கணக்கிலும், மத்திய சேம நிதிக் கணக்கிலும், பிள்ளையின் பள்ளிப் படிவத்திலும், மருத்துவமனைப் பதிவிலும் இருக்கிறது. பத்து காசு கழிவுக்காகக் கொடுத்த முகவரியும் ஓய்வுக்கால சேமிப்பைக் காக்கும் முகவரியும் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கலின் வேர்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. முந்திய ஆண்டில் அது ஏறத்தாழ 652 மில்லியன் வெள்ளியாக இருந்தது. இந்த இழப்பெல்லாம் மின்னஞ்சலால் வந்ததன்று. தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் யாரை, எந்தப் பெயரில், என்ன சொல்லி அணுகலாம் என்று மோசடிக்காரர்கள் முடிவு செய்ய உதவுபவை கசிந்த வாடிக்கையாளர் பட்டியல்கள். அவற்றில் மின்னஞ்சல் முகவரி இல்லாத பட்டியல் அரிது.

கசிந்த பட்டியல்கள்

2020 அக்டோபரில் ரெட்மார்ட் இணைய மளிகைக் கடையின் 1.1 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டது தெரியவந்தது. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், மறைகுறியாக்கப்பட்ட கடவுச்சொல், கடன் அட்டை எண்ணின் ஒரு பகுதி ஆகியவை அதில் இருந்தன. திருடப்பட்டது 18 மாதங்களுக்கும் மேல் பழைய தரவுத்தளம். வாடிக்கையாளர் மறந்துபோன முகவரியும் நிறுவனத்தின் கணினியில் எங்கோ உயிரோடு இருக்கும் என்பதற்கு அது சான்று.

2022 அக்டோபரில் கரோசெல் தளம் தன் பயனாளர்களில் 1.95 மில்லியன் பேரின் விவரங்கள் கசிந்ததாக அறிவித்தது. 2023 அக்டோபரில் மரினா பே சேண்ட்ஸ் வெகுமதித் திட்ட உறுப்பினர்கள் ஏறக்குறைய 665,000 பேரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், உறுப்பினர் எண் ஆகியவை வெளியாரின் கைக்குப் போயின.

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் பின்னர் கரோசெல்லுக்கு 58,000 வெள்ளியும் மரினா பே சேண்ட்சுக்கு 315,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. கரோசெல் முதலில் அறிவித்த எண்ணிக்கையை வைத்து வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு மூன்று காசு கூட வரவில்லை. மரினா பே சேண்ட்சில் ஏறத்தாழ 47 காசு. அபராதம் என்பது இழப்பீடு அன்று. அது பாதிக்கப்பட்டவரின் கைக்கு வருவதுமில்லை. ஆயினும் கசிந்த முகவரியைச் சட்டம் திரும்பப் பெற்றுத் தராது என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். கடன் அட்டை கசிந்தால் வங்கி புதிய அட்டை தரும். மின்னஞ்சல் முகவரி கசிந்தால் பெரும்பாலோர் ஒன்றும் செய்வதில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முகவரியை எங்கெங்கே கொடுத்தோம் என்ற கணக்கே அவர்களிடம் இருக்காது.

சட்டம் எதுவரை காக்கும்?

‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் பதிந்துவிட்டால் எல்லா விளம்பரமும் நின்றுவிடும் என்று நினைப்போர் உண்டு. 2014 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்த அந்தப் பதிவேடு தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகியவற்றுக்கு மட்டுமே. மின்னஞ்சல் அதில் சேராது.

மின்னஞ்சலுக்கு உள்ளது 2007ல் நடப்புக்கு வந்த ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம். கேட்காமலேயே மொத்தமாக அனுப்பும் வர்த்தக மின்னஞ்சலின் தலைப்பில் அது விளம்பரம் என்ற குறி இருக்க வேண்டும். விலகுவதற்கு வழி தரப்பட வேண்டும். விலகக் கேட்டவருக்குப் பத்து வேலை நாள்களுக்குப் பிறகு அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், 30 நாளில் 1,000க்கு மேல் அல்லது ஓர் ஆண்டில் 10,000க்கு மேல் அனுப்புவது ‘மொத்தம்’ எனக் கருதப்படும். மீறினால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்து ஒரு மின்னஞ்சலுக்கு 25 வெள்ளி வரை கேட்கலாம்.

சட்டம் இருக்கிறது. ஆனால் 25 வெள்ளிக்காக வழக்குப் போடும் குடியிருப்பாளர் யார்? மேலும், அந்தச் சட்டம் உள்ளூர்க் கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்த முடியும். வெளிநாட்டிலிருந்து போலிக் கடிதம் அனுப்பும் கும்பல் விளம்பரக் குறி போட்டு அனுப்பப் போவதில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிடிமானம் உண்டு. ஒரு பொருளையோ சேவையையோ தருவதற்கு நியாயமாகத் தேவைப்படுவதற்கு மேல் தகவல் சேகரிக்க இணங்கினால்தான் அதைத் தருவோம் என்று ஒரு நிறுவனம் நிபந்தனை போட முடியாது. கொடுத்த இணக்கத்தைப் பிறகு மீட்டுக்கொள்ளவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 2021 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, கசிவு பெரும் தீங்கு விளைவிக்கக் கூடியது என்றாலோ நிறுவனம் ஆணையத்திற்குத் தெரிவித்தாக வேண்டும்.

இவை அனைத்தும் பெரும்பாலும் நிறுவனம் தவறு செய்த பிறகு வரும் காப்பு. கொடுப்பதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் மாற்று முகவரி.

மாற்று முகவரி என்பது என்ன?

ஓர் அஞ்சல் பெட்டிக்குப் பல வாசல்கள் வைப்பது போன்றது இது. பெட்டி ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகவரி கொடுக்கப்படும். எந்த முகவரிக்கு வந்தாலும் கடிதம் உரியவரிடமே சேரும். தொந்தரவு வரும் வாசலை மட்டும் அடைத்துவிடலாம்.

இதில் எளிய வழி ஜிமெயிலில் எல்லாருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. முகவரியின் பெயர்ப்பகுதி ‘முத்து’ என்றால், அதன் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து ‘முத்து+குலுக்கு’ என்று கொடுக்கலாம். கடிதம் முத்துவின் பெட்டிக்கே வரும். எந்த வழியில் வந்தது என்பதும் தெரியும். இதற்குப் பதிவோ பணமோ தேவையில்லை. குறை என்னவென்றால், கூட்டல் குறியையும் அதன் பின் உள்ளதையும் நீக்கினால் உண்மை முகவரி தெரிந்துவிடும். சில இணையத்தளங்கள் கூட்டல் குறி உள்ள முகவரியை ஏற்பதுமில்லை. ஆகவே இது அடையாளம் காண உதவும்; ஒளிந்துகொள்ள உதவாது.

இரண்டாவது வழி, முகமூடி முகவரி. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஹைட் மை இமெயில்’, மொசில்லாவின் ‘ஃபயர்ஃபாக்ஸ் ரிலே’, ‘டக்டக்கோ’ மின்னஞ்சல் பாதுகாப்பு, புரோட்டான் நிறுவனம் 2022ல் வாங்கிய ‘சிம்பிள்லாகின்’ ஆகியவை இவ்வகை. இவை யாருக்கும் தொடர்பில்லாத ஒரு முகவரியை உருவாக்கித் தந்து, அதற்கு வருவதை உண்மையான பெட்டிக்கு அனுப்பிவைக்கும். கடைக்காரருக்கு உண்மை முகவரி தெரியாது. வேண்டாதபோது அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடலாம். ஃபயர்ஃபாக்ஸ் ரிலேயில் ஐந்து முகமூடிகள் வரை இலவசம். ஆப்பிளின் முழு வசதிக்கு ஐகிளவுட் பிளஸ் கட்டணம் உண்டு.

மூன்றாவது வழிக்குத் தொழில்நுட்ப அறிவே தேவையில்லை. இரண்டு தனி மின்னஞ்சல் கணக்குகள் வைத்துக்கொள்வது. ஒன்று வங்கி, அரசாங்கம், மருத்துவமனைக்கு. மற்றது கடைகள், குலுக்குகள், செயலிகளுக்கு.

இங்கே ஒரு தலைகீழ் யோசனை உதவும். புதிய முகவரி தொடங்கும் பலர் அதைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, பழையதை வங்கிக்கு வைத்துக்கொள்கின்றனர். பழைய முகவரிதான் ஏற்கெனவே பத்து பட்டியல்களில் கசிந்திருக்கும் வாய்ப்புள்ளது. அதைக் கடைகளுக்கே விட்டுவிட்டு, இதுவரை யாருக்கும் கொடுக்காத புதிய முகவரியை வங்கிக்கும் சிங்பாஸ் கணக்குக்கும் மாற்றிக்கொள்வதே பயன் தரும். பழைய முகவரி எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்பதை ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் 2013ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தவறான வாசலில் வரும் கடிதம்

மாற்று முகவரியால் குப்பை மின்னஞ்சல் குறையும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் பலன். அதைவிடப் பெரிய பலன் இன்னொன்று.

வங்கிக்கென்று தனி முகவரி வைத்திருப்பவருக்கு, குலுக்கு முகவரி வழியாக ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தால், அதைப் படிக்கவே தேவையில்லை. வங்கிக்கு அந்த முகவரி தெரியாது. எனவே அனுப்பியது வங்கி அன்று. எழுத்துப்பிழை தேட வேண்டாம். சின்னத்தை ஆராய வேண்டாம். ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு பிழையில்லாத ஆங்கிலத்திலும் தமிழிலும் போலிக் கடிதம் எழுதுவது எளிதாகிவிட்டது. ‘மொழி கொச்சையாக இருந்தால் மோசடி’ என்ற பழைய அறிவுரை பலவீனமடைந்துவிட்டது. எந்த வாசலில் வந்தது என்ற சோதனை மொழியைச் சார்ந்ததன்று. ஆங்கிலத்தில் தடுமாறும் மூத்தோருக்கும் ஊழியர்களுக்கும் அதனால்தான் அது கூடுதலாகப் பயன்படும்.

அனுப்புநரின் முகவரியைப் பார்க்கும் பழக்கம் பெரிய நிறுவனங்களையே கைவிட்டதுண்டு. 2024 ஜூலையில் சிங்கப்பூர் மூலப்பொருள் வர்த்தக நிறுவனம் ஒன்று, வழக்கமான விநியோகிப்பாளரின் முகவரியைப் போலவே சற்று மாற்றி எழுதப்பட்ட முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சலை நம்பி 42.3 மில்லியன் அமெரிக்க டாலரைத் திமோர்-லெஸ்டேயில் உள்ள ஒரு கணக்குக்கு அனுப்பியது. இன்டர்போல் உதவியுடன் அதில் 41 மில்லியன் டாலருக்கும் மேல் மீட்கப்பட்டது. கணக்காளர்கள் உள்ள நிறுவனமே ஓரெழுத்து மாற்றத்தைக் கவனிக்கவில்லை என்றால், பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்ப்பவர் எப்படிக் கவனிப்பார்?

எனினும் இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே செல்லும். தவறான வாசலில் வந்தது போலி என்று சொல்லலாம். சரியான வாசலில் வந்ததெல்லாம் உண்மை என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் அச்சு நிறுவனமான டோப்பான் நெக்ஸ்ட் டெக் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் வாடிக்கையாளர்களான டிபிஎஸ் வங்கியைச் சேர்ந்த ஏறத்தாழ 8,200 பேரின் தகவல்களும் பேங்க் ஆஃப் சைனாவைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 பேரின் தகவல்களும் பாதிப்புக்கு உள்ளாயின. வங்கியின் சொந்தக் கணினி உடைக்கப்படவில்லை. வங்கி வேலை கொடுத்த நிறுவனத்தின் கணினிதான் உடைந்தது. ஆகவே சரியான முகவரிக்கே வந்தாலும், கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டாமல் வங்கியின் செயலியைத் தனியே திறந்து பார்ப்பதே பாதுகாப்பு. 2021 டிசம்பரில் தொடங்கிய ஓசிபிசி குறுஞ்செய்தி மோசடியில் 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளி இழந்த பிறகு, தனிநபர் வாடிக்கையாளர்களுக்கான மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தட்டக்கூடிய இணைப்பை வங்கிகள் நீக்கின.

எங்கே பயன்படுத்தக் கூடாது?

சிங்பாஸ், வங்கி, மத்திய சேம நிதி, வருமான வரி, வீவக, மருத்துவமனை ஆகியவற்றுக்கு இலவச முகமூடி முகவரி கொடுப்பது விவேகமன்று. அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம் மூடப்பட்டாலோ, கணக்கு முடங்கினாலோ, முக்கியக் கடிதம் வந்து சேராது. கடவுச்சொல்லை மீட்கவும் முடியாது. இவற்றுக்கு வேறெங்கும் கொடுக்காத ஓர் உண்மை முகவரியும், அதற்கு வலுவான தனிக் கடவுச்சொல்லும், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் தேவை.

இன்னொரு சிக்கல், மறதி. இருபது மாற்று முகவரிகள் வைத்துவிட்டு எது எங்கே என்று தெரியாமல் திண்டாடுவோர் உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு அல்லது மூன்று முகவரிகளே போதும். எந்த முகவரி எந்தச் சேவைக்கு என்ற பட்டியலைக் கடவுச்சொல் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைப்பது நல்லது. குடும்பத் தலைவர் திடீரென்று நோய்வாய்ப்பட்டாலோ இறந்தாலோ, மின்கட்டணம் முதல் காப்புறுதி வரை எந்த முகவரிக்கு வருகிறது என்று மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முகமூடி முகவரிக்கு வந்த கடிதத்திற்கு உண்மைப் பெட்டியிலிருந்து தனியாகப் புதுக் கடிதம் எழுதினால் மறைத்ததெல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூத்தோரும் வெளிநாட்டு ஊழியர்களும்

பல மூத்தோருக்குச் சொந்த மின்னஞ்சல் இல்லை. மகன் முகவரியையோ பேத்தி முகவரியையோ கொடுத்திருப்பார்கள். சிலருக்குக் கைப்பேசி வாங்கிய கடையிலேயே ஒரு முகவரி தொடங்கித் தந்திருப்பார்கள். கடவுச்சொல் என்னவென்று அவர்களுக்கே தெரியாது. இவர்களுக்கு முதல் தேவை மாற்று முகவரி அன்று. தங்கள் பெயரில், தங்கள் கட்டுப்பாட்டில் ஒரு முகவரி.

ஜூரோங், பைனியர், துவாஸ் வட்டாரங்களில் வேலை செய்யும் தமிழக ஊழியர்களின் நிலை இன்னும் நுட்பமானது. ஊரில் ஏஜென்ட் அலுவலகத்தில் தொடங்கிய முகவரி என்றால், அதன் கடவுச்சொல் ஏஜென்ட்டிடமும் இருக்கக்கூடும். வேலை அனுமதிக் கடிதம், பணம் அனுப்பும் செயலி, வங்கி அறிக்கை எல்லாம் அந்த ஒரே முகவரிக்கு வரும்போது, இன்னொருவர் கையில் சாவியைக் கொடுத்து வைத்த கதைதான். இங்கு வந்து சேர்ந்ததும் கடவுச்சொல்லையும், மீட்பு எண்ணாக உள்ள இந்தியக் கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொள்வது அவசியம். வேலை அனுமதி என்று மின்னஞ்சலில் வரும் எந்தக் கடிதத்தையும் மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம்.

உதவி தேவைப்படும் குடியிருப்பாளர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள மின்னிலக்கத் தூதர்களை அணுகலாம். பேரப்பிள்ளை அரை மணி நேரம் ஒதுக்கினாலும் வேலை முடிந்துவிடும். மோசடியா என்ற சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் எந்நேரமும் உண்டு.

சுமை யார் மீது?

நிறுவனங்கள் தகவலைப் பாதுகாக்கத் தவறியதற்கு, பூன் லேயில் வசிக்கும் பாட்டி ஏன் மூன்று முகவரி வைத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது. மாற்று முகவரி எல்லாருக்கும் எளிதில் கைவரும் என்று சொல்லிவிட்டு நிறுவனங்களின் பொறுப்பைத் தளர்த்திவிட முடியாது. அரிசிக்குக் கழிவு தர மின்னஞ்சல் முகவரி எதற்கு என்று கடைகளைக் கேட்பது குடியிருப்பாளரின் உரிமை. மூன்று ஆண்டாகக் கடைக்கு வராத உறுப்பினரின் விவரத்தை அழிப்பது கடைக்காரரின் கடமை. நோக்கம் முடிந்த பிறகு தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

அடையாள அட்டை எண் விவகாரத்தில் சிங்கப்பூர் இதே போன்ற ஒரு பாடத்தைக் கற்றது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் பெயரைத் தேடினாலே முழு அடையாள அட்டை எண் தெரிந்தபோது பொதுமக்கள் அதிர்ந்தனர். பலர் அந்த எண்ணை இரகசியம் என்று நம்பியிருந்தனர். சில நிறுவனங்கள் அதையே கடவுச்சொல்லாகவும் வைத்திருந்தன. அது ஒருவரை அடையாளம் காட்டும் எண்ணே தவிர, அவர்தான் அவர் என்று நிரூபிக்கும் சாவி அன்று என்று அரசாங்கம் விளக்க வேண்டியிருந்தது.

மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான். அது ஒரு பெயர்ப்பலகை. ஆனால் பெரும்பாலான இணையக் கணக்குகளில் அதுவே பயனீட்டாளர் பெயராகவும், கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்கும் வழியாகவும் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியாது. மின்னஞ்சல் முகவரியை மாற்றலாம், பிரிக்கலாம், ஒரு பகுதியை அடைத்துவிடலாம்.

நிறுவனங்களும் சட்டமும் தங்கள் பங்கைச் செய்யும் வரை காத்திராமல், இந்த வார இறுதியில் ஒரு வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: வங்கிக்கும் சிங்பாசுக்கும் மட்டும் ஒரு புதிய முகவரி தொடங்குவது, அந்த இரண்டிலும் பழையதை நீக்கி அதைப் பதிவது, புதிய முகவரியை வேறு எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை என்று வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுப்பது. கடையில் கேட்டால் பழைய முகவரியையே கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம்.